அல்பேர்ட்டனிலிருந்து பாடிங்டனுக்குக் கால்வாய்க் கரைப்பாதை: இரண்டு ஆண்டுகள் சைக்கிளில் போய்வந்தவனின் மதிப்புரை

வடமேற்கு லண்டனில் அல்பேர்ட்டன், வெம்பிளிப் பக்கங்களில் குடியிருந்துகொண்டு நகரின் நடுவே வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் பலருக்கு, ஈலிங் வீதிப் பாலத்தின் கீழே ஒரு கால்வாய் ஓடுகிறது என்பது தெரியும். அதன் கரையோரமாகச் செல்லும் பாதை பாடிங்டன் ரயில் நிலையத்தின் பக்கவாசல் வரைக்கும் போகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. எனக்கும் பதினொரு ஆண்டுகள் தெரியாமலேதான் இருந்தது. மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தி வாத்துகளைக் காட்டியதைத் தவிர, அந்தத் தண்ணீரோடு எனக்கு வேறு கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை.

சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கியபோது முதலில் பிடித்த வழி ஹாரோ வீதிதான். அது ஒரு நேரான வழி. அதைத் தவிர அதைப் புகழ ஒன்றுமில்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஒதுங்கும் பஸ்ஸின் பின்னால் காத்திருந்து, அது மறுபடி புறப்படும்போது அதனோடு போட்டியிட்டு, வரிசையாக நிறுத்தப்பட்ட கார்களுக்கும் ஓடுகின்ற கார்களுக்கும் இடையிலே ஒரு முழம் அகலத்தில் மிதித்துக்கொண்டு போகவேண்டும். மூன்றாவது கிழமையில் ஒரு நாள், நின்றுகொண்டிருந்த காரின் கதவு திடீரெனத் திறந்தது. கதவின் விளிம்பு என் கைப்பிடியைத் தொடாமல் போனது நான் விலகியதால் அல்ல, அது அவ்வளவு தூரமே திறந்ததால்தான். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை எடுத்து நீல நிறக் கோட்டைப் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை தொடக்கம் கரைப்பாதை. இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தப் பாதையைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும், ஏனெனில் இதன் நிறைகள் குறைகள் இரண்டுமே அதிலிருந்துதான் வருகின்றன. கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை 1801 ஜூலையில் திறக்கப்பட்டது. அன்றைக்கு அதன் பெயர் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய். இன்றைய பெயர் 1929இல் வேறு கால்வாய்களோடு இணைக்கப்பட்டபோது வந்தது. மேற்கே ஹேய்ஸ் பக்கத்தில் முதன்மைக் கால்வாயிலிருந்து பிரிந்து, சுமார் 22 கிலோமீட்டர் ஓடி, பாடிங்டனில் முடிகிறது. அந்தக் காலத்தில் படகை இழுத்தது எஞ்சின் அல்ல, குதிரை. படகின் கயிற்றைக் குதிரையின் சேணத்தில் கட்டி, குதிரை கரையில் நடக்க, படகு பின்னால் மிதந்து வரும். அந்தக் குதிரை நடப்பதற்காகப் போட்டதே இந்தக் கரைப்பாதை. ஆங்கிலத்தில் டோபாத் என்பார்கள். ஒரு குதிரையும் அதை நடத்திச் செல்லும் ஒருவனும் போக எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவே அகலம். 1801இல் எவரும் எட்டரை மணிக்கு அலுவலகத்துக்கு விரையும் சைக்கிள்காரரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிறையில் பெரியது சமதளம். பாடிங்டன் கிளையில் தண்ணீரை ஏற்றி இறக்கும் மதகுப் பூட்டு ஒன்றுகூடக் கிடையாது. பாடிங்டனைத் தாண்டி கம்டன் போய்ச் சேரும்வரை முதல் பூட்டு வருவதில்லை. நிலத்தின் மேடு பள்ளத்தை ஒட்டி வளைந்து வளைந்து, ஒரே உயரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும்படி இதை வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் சமமாக நிற்கும் இடத்தில் கரையும் சமம். பாலங்களின் அருகே வரும் சிறு ஏற்ற இறக்கங்களைத் தவிர, பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்கும் கியரை மாற்றவேண்டிய தேவையே எனக்கு வருவதில்லை. யாழ்ப்பாணத்து வல்லை வெளியில் எதிர்காற்றுக்கு முகம் கொடுத்துப் பள்ளிக்கூடச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இங்குள்ள காற்று ஒரு பொருட்டாகவும் இராது. பெரும்பாலான இடங்களில் மரங்களும் கட்டடங்களும் மறைத்து நிற்கின்றன.

கட்டணம் எதுவும் இல்லை. முன்பு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பில் கால்வாய்கள் இருந்தபோது, கரைப்பாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டியிருந்தது. 2012 முதல் கனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளைப் பராமரிக்கிறது. இப்போது சீட்டும் இல்லை, பதிவும் இல்லை. ஒரு விதி மட்டும் உண்டு: நடப்பவருக்கே முன்னுரிமை. இந்த விதியைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் படிக்காமல் போகிறவர்களுக்கும் இந்தப் பாதை இரண்டு வேறு பாதைகளாகத் தெரியும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

ஈலிங் வீதியருகே கரைக்கு இறங்கியதும் முதல் பத்து நிமிடம் இந்தப் பயணத்தின் மிக நல்ல பகுதி. இரண்டு பக்கமும் பச்சை. நாயோடு நடப்பவர்கள் சிலர். நீர்க்கோழிகளும் கூட்டமும் குஞ்சுமாக வாத்துகளும். பிறகு நோர்த் சேர்க்குலர் வீதியைக் கடக்கும் இடம் வரும். வழக்கமாக வீதி மேலே, தண்ணீர் கீழே என்றுதான் பார்த்திருப்போம். இங்கே கால்வாய் ஒரு தொட்டிப் பாலத்தில் ஏறி, கரைப்பாதையையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பெருவீதியின் மேலால் போகிறது. இன்றுள்ள பாலம் 1993இல் புதிதாகக் கட்டப்பட்டது. காலை எட்டு மணிக்கு அங்கே சைக்கிளை நிறுத்திக் கீழே பார்த்தால், இரண்டு திசையிலும் கார்கள் முன்விளக்கும் பின்விளக்குமாக அசையாமல் நிற்கும். பக்கத்தில் தொட்டித் தண்ணீரில் ஒரு வாத்து தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டு அந்த நெரிசலைக் கடந்து போகும். முதல் கிழமை தினமும் நின்று பார்த்தேன். இப்போது நிற்பதில்லை, ஆனால் மனத்துக்குள் ஒரு சின்ன இறுமாப்போடு கடப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன் பின் பார்க் ரோயல். தொழிற்சாலைகளின் முதுகுப்புறம் என்பதால் கண்ணுக்கு விருந்தில்லை. தகரச் சுவர், முள்ளுக்கம்பி, சுவரெல்லாம் வண்ணப் பூச்சுக் கிறுக்கல். ஆனால் மூக்குக்கு உண்டு. ஹார்லஸ்டனில் 1902 முதல் இயங்கும் மக்விட்டீஸ் பிஸ்கட் தொழிற்சாலை பக்கத்திலேதான் இருக்கிறது. காற்று வாகாக வீசும் நாட்களில் மா வேகும் இனிப்பு மணம் தண்ணீரின் மேலால் தவழ்ந்து வரும். காலையில் சாப்பிடாமல் புறப்பட்ட நாட்களில் அது ஒரு தண்டனை. இந்தப் பகுதியில்தான் ஒரு சாம்பல் நாரை அசையாமல் கரையில் நிற்கும். சைக்கிள் இரண்டு முழ தூரத்துக்கு வரும்வரை அது அசைவதில்லை. அதற்குப் பின்னும் கோபித்துக்கொண்டு எழும்பிப் போவதுபோல்தான் போகும்.

ஓல்ட் ஓக் காமனில் புதிய அதிவேக ரயில் நிலையத்துக்கான கட்டுமானப் பாரந்தூக்கிகள் வானத்தை அடைத்து நிற்கின்றன. அதைக் கடந்து ஸ்க்ரப்ஸ் ஒழுங்கைப் பாலத்தின் கீழால் போனால் கென்சல் கிரீன் மயானம் கால்வாயை ஒட்டிக் கிடக்கிறது. 1833இல் திறக்கப்பட்ட மயானம் அது. ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார் துவாரகாநாத் தாகூர் 1846இல் லண்டனில் இறந்தபோது அடக்கம் செய்யப்பட்டது இங்கேதான். பொறியியலாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனலும் இங்கேதான் இருக்கிறார். அவர் வடிவமைத்த பாடிங்டன் நிலையம் 1854இல் திறந்தது; ஐந்து ஆண்டுகளில் அவரை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் அவருடைய கல்லறையைக் கடந்து அவருடைய ரயில் நிலையத்துக்குப் போகிறேன் என்பது எனக்குத் தெரியவந்தது மிகவும் பிந்தித்தான்.

இந்த மயானத்தை ஒட்டிய பகுதியைப் பற்றி வாசகர் தெரிந்துகொள்ளவேண்டிய வேறொன்று உண்டு. இங்கே நீண்ட தூரத்துக்குப் பாதையிலிருந்து வெளியேற வழி அரிது. ஒரு புறம் தண்ணீர், மறுபுறம் மதில். டயர் காற்றுப்போனால் அடுத்த பாலம் வரைக்கும் உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். பகல் நேரத்தில் இது ஒரு சிரமம்; இருட்டில் அதைவிடப் பெரிய விடயம்.

லட்புரோக் குரோவ் பாலத்துக்கு அப்பால் பாதையின் குணம் மாறுகிறது. 31 மாடி டிரெல்லிக் கோபுரம் தெரியத் தொடங்கியதும் கூட்டமும் தொடங்கிவிடும்: குழந்தை வண்டி தள்ளுபவர்கள், காதில் கருவியோடு ஓடுபவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். வெஸ்ட்வே மேம்பால நெடுஞ்சாலை தலைக்கு மேலே இரையத் தொடங்கும். லிட்டில் வெனிஸ் குளத்தை அடைந்ததும் நான் இறங்கி நடந்துவிடுவேன். வில்லோ மரங்களைப் படம் எடுக்கும் சுற்றுலாப் பயணிகளிடையே சைக்கிளோடு நுழைவதால் மிச்சமாவது மூன்று நிமிடம்கூட இராது. மே மாத முதல் வார நீள் விடுமுறையில் இங்கே படகுத் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் இந்தப் பக்கம் சைக்கிளோடு வரவே வேண்டாம். குளத்திலிருந்து ரயில் நிலையத்தின் கால்வாய்ப் பக்க வாசலுக்குச் சில நிமிட நடை.

இப்போது பாலங்கள். இந்தப் பாதையைப் பற்றிய என் தீர்ப்பில் பாதி பாலங்களின் கீழேதான் இருக்கிறது. பழைய செங்கல் பாலங்களைக் கட்டியவர்கள் கல்லையும் செங்கல்லையும் மிச்சம்பிடிக்கக் கால்வாயை அந்த இடத்தில் ஒடுக்கி, பாதையையும் ஒடுக்கி, இரண்டையும் ஒரே வளைவுக்குள் அடக்கியிருக்கிறார்கள். ஆகவே பாலத்தை நெருங்கும்போது பாதை தாழ்ந்து, சுருங்கி, சுவரோடு சேர்ந்து வளையும். எதிரே வருபவர் தெரியமாட்டார். வளைவு சுவர்ப் பக்கம் தாழ்வாக இறங்குவதால், தலையைக் காப்பாற்ற நினைப்பவர் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்குவார். தண்ணீருக்குப் பயந்தவர் சுவரில் தோளை உரசுவார். இதே நேரத்தில் எதிரேயிருந்து இன்னொருவரும் இதையே யோசித்துக்கொண்டு வருவார். பாலத்தின் சரிவில் அங்கங்கே செங்கற்களைக் குறுக்கே மேடாகப் பதித்திருப்பார்கள். குதிரையின் லாடம் வழுக்காமல் பிடிமானம் கொடுப்பதற்காக வைத்தது. குதிரைக்கு நல்லது, சைக்கிளில் போகும்போது பற்கள் கிட்டித்துக்கொள்ளும்.

முதல் மாதத்திலேயே ஒரு பாலத்தின் கீழ் பாடம் படித்தேன். மணி அடிக்காமல், வேகத்தையும் குறைக்காமல் நுழைந்தேன். எதிரே இன்னொரு சைக்கிள், அவரும் என்னைப் போலவே. இருவரும் ஒரே கணத்தில் பிரேக் பிடித்தோம். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டார். என் பின்சக்கரம் ஈரச் செங்கல்லில் பக்கவாட்டில் சறுக்க, இடது கையுறை சுவரில் உரசி விரல் முட்டியில் கிழிந்தது. சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. "மணி, ஐயா, மணி" என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் அன்று பின்னேரமே மறந்திருப்பேன்.

அதன் பின் நான் கடைப்பிடிக்கும் முறை இது. பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் மிதிப்பதை நிறுத்திவிடுவேன்; வளைவுக்கு இருபதடி முன்னால் இரண்டு தரம் மணி அடிப்பேன்; உள்ளே ஒருவர் ஏற்கெனவே இருந்தால், அவர் நடப்பவரோ சைக்கிள்காரரோ, வெளியே நின்று அவரை வரவிடுவேன். மணியிலும் ஒரு பதம் இருக்கிறது. பலமாக, நெருங்கி வந்து அடித்தால் முன்னால் நடப்பவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் பாய்வார் என்று சொல்லமுடியாது. சிலர் தண்ணீர்ப் பக்கமே பாய்வார்கள். தூரத்தில் ஒரு முறை மெதுவாக அடித்து, அவர் திரும்பிப் பார்க்க அவகாசம் கொடுத்து, கடக்கும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனால் மறுநாள் அவரே வணக்கம் சொல்வார். ஹாரோ வீதியில் மூன்று கிழமையில் ஒருவரும் எனக்கு வணக்கம் சொன்னதில்லை.

மீன்பிடிப்பவர்களைத் தனியாகச் சொல்லவேண்டும். அவர்கள் பயன்படுத்தும் தூண்டில் கோல்கள் பத்து மீட்டருக்கும் மேல் நீளமானவை. பின்னால் இழுக்கும்போது பாதையை முழுவதும் மறித்துக்கொண்டு எதிர்ப்புற வேலிக்குள் போகும். முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பார்க் ரோயல் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் முதியவர் ஒருவர், என் மணி கேட்டதும் கோலைக் கழற்றி இரண்டாக்கிப் புல்லில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். நான் போனபின் மறுபடி பொருத்துவார். ஒரு காலையில் என்னால் அவருக்கு ஒரு மீன் தப்பியது என்பதைத் தண்ணீரைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இருக்கும் இடத்தில் இப்போது நானே இறங்கி உருட்டிக்கொண்டு போகிறேன்.

படகில் குடியிருப்பவர்களும் இந்தப் பாதையின் சொந்தக்காரர்கள்தான். நிரந்தரக் கட்டுமிடம் இல்லாதவர்கள் பொதுவாகப் பதினான்கு நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது என்பது விதி. ஆகவே என் அயலவர்கள் இரண்டு கிழமைக்கொரு முறை மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதைதான் முற்றம். விறகு, தண்ணீர்க் குழாய், பூச்சட்டி, சில வேளை ஒரு கதிரை என்று எல்லாம் பாதையில் இருக்கும். படகைக் கட்டிய கயிறும் கரையில் அறைந்த இரும்பு முளையும் சக்கரத்துக்குக் குறி வைத்திருக்கும். குளிர்காலத்தில் அடுப்புப் புகை தண்ணீருக்கு மேல் தாழ்ந்து தொங்கும். ஆஸ்துமாக்காரர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். வாகனப் புகையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இது ஓர் ஏமாற்றமாகவே இருக்கும்.

தளத்தைப் பொறுத்தவரை, நான் போகும் பகுதியில் பெரும்பாலும் சரளை பதித்து இறுக்கிய தளம். சில இடங்களில் தார், பாலங்களருகே செங்கல். காய்ந்திருக்கும்போது குறைசொல்ல முடியாது. மழைக்குப் பின் நீர் தேங்கும் குழிகள் உண்டு, மரவேர் மேலெழும்பிய இடங்கள் உண்டு, ஒக்டோபரில் உதிரும் இலை நனைந்து சவர்க்காரம்போல் வழுக்கும். மட்கார்ட் இல்லாமல் வருபவர் அலுவலகத்தில் முதுகெல்லாம் சேற்றுக் கோட்டோடுதான் இறங்குவார்.

மெல்லிய டயர் இந்தப் பாதைக்கு ஆகாது. எனக்குச் சைக்கிள் விற்ற கடைக்காரர் 25 மில்லிமீட்டர் டயர் லண்டனில் எங்கும் போதும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். வேலி வெட்டும் பருவம் வந்ததும் கதை மாறிவிட்டது. பாதையோர முட்செடிகளை இயந்திரத்தால் வெட்டிய பின் விரல்நீள முட்கள் தரையெங்கும் கிடக்கும். ஒரே கிழமையில் மூன்று முறை பஞ்சர். மூன்றாவது முறை மயான மதிலோரம் மழையில் முழங்காலில் நின்று டியூப் மாற்றும்போது கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். பிறகு 38 மில்லிமீட்டர் அகலத்தில் ஷ்வால்பே மரத்தன் பிளஸ் டயர் போட்டேன். கனம் கூடியது, பொருத்தும்போது கட்டைவிரல் தோல் உரிந்தது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஒரே ஒரு பஞ்சர்தான். இந்தப் பாதைக்கு வருபவர் புதிய சைக்கிளுக்குச் செலவழிப்பதைவிட டயருக்கும் மட்கார்டுக்கும் நல்ல மணிக்கும் செலவழிப்பது நல்லது.

நேரத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசலுக்கு எனக்கு ஐம்பது நிமிடம். இது நடக்கும் இடங்களையும் சேர்த்து. ஹாரோ வீதியால் நல்ல நாளில் நாற்பது, கெட்ட நாளில் ஐம்பத்தைந்து. சுரங்க ரயிலில் வண்டி மாறுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ இதே கணக்குத்தான். வேகத்துக்காகக் கரைப்பாதைக்கு வருபவர் ஏமாறுவார். அவர் ஏமாறுவதோடு நில்லாமல் மற்றவர்களையும் பாடுபடுத்துவார். காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில், பிந்திவிட்ட சிலர் தலையைக் குனிந்துகொண்டு, நெடுஞ்சாலையில் ஓட்டும் வேகத்தில் நடப்பவர்களைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். பாதையோரத்தில் சைக்கிள்காரருக்கு எதிரான அறிவிப்புகளைப் படகுக்காரர்கள் கையால் எழுதித் தொங்கவிடுவது இவர்களால்தான். அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் எழுதியதில் பொய் இல்லை.

இந்தப் பாதையின் உண்மையான குறை இருட்டு. பெரும்பகுதிக்கு விளக்கு இல்லை. டிசம்பர் நடுவில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஐந்தரைக்கு வேலை முடித்துப் புறப்படுபவருக்கு முழு வழியும் நடு இரவுதான். நல்ல முன்விளக்கு வாங்கி ஒரு குளிர்காலம் முழுவதும் முயன்று பார்த்தேன். விளக்கு பாதையைக் காட்டும். தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டாது. ஈரத் தார்த் தளமும் அசையாத கால்வாயும் அந்த வெளிச்சத்தில் ஒரே கறுப்பு. கறுப்பு உடுப்போடு கறுப்பு நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர் பத்தடிக்குள் வந்தபின்தான் தெரிவார். நான் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தேன்.

தனிமையும் ஒரு விடயம். அல்பேர்ட்டனில் பலசரக்குக் கடையில் நிற்கும் அண்ணை ஒருவர், என் தலைக்கவசத்தைப் பார்த்து வழியை விசாரித்துவிட்டு, "தம்பி, பகலிலை போறது நல்ல காரியம். இருட்டினாப் பிறகு அந்தப் பக்கம் போகாதையும், ஏதும் ஒண்டு நடந்தாக் கூப்பிட ஆள் இல்லை" என்றார். எனக்கு இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மயான மதிலுக்கும் தண்ணீருக்கும் இடையில், வெளியேற வழியில்லாத இடத்தில், தூரத்தில் இரண்டு சிகரெட் நெருப்புப் புள்ளிகள் தெரிந்த ஓர் இரவில், அண்ணையின் பேச்சு முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது. அவர்கள் மாலை வணக்கம் சொல்லி வழிவிட்டார்கள். அந்தக் கிழமையோடு குளிர்கால மாலைப் பயணத்தை நிறுத்திவிட்டேன். பெண்கள் இருட்டில் இந்த வழியால் தனியே வரலாமா என்று கேட்டால், நான் சொல்லும் பதில் வேண்டாம் என்பதுதான்.

தண்ணீரில் விழுந்தால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால்வாய் ஆழமில்லை, வளர்ந்த ஒருவர் பெரும்பாலும் காலூன்றி நிற்கலாம். ஆனால் குளிர் மூச்சை அடைக்கும், கரை செங்குத்தானது, அடியில் சேறும் கடைத் தள்ளுவண்டிகளும் கிடக்கும். அத்தோடு எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலுக்கும் இங்கே இடமுண்டு. நெல் வயலில் இறங்குபவர்களுக்கு நம் ஊரில் சொல்லும் அதே எச்சரிக்கைதான். காயத்தோடு விழுந்தவர் நன்றாகக் கழுவிக்கொண்டு, பிறகு காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் கால்வாயைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பாடிங்டனைத் தாண்டிக் கிங்ஸ் குரோஸ் வரைக்கும் இப்படியே போகலாமா என்று ஒரு நண்பர் கேட்டார்; ஒரு சனிக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தோம். லிட்டில் வெனிஸில் தொடங்கும் ரீஜன்ட்ஸ் கால்வாய் 1820இல் தேம்ஸ் வரைக்கும் முழுமையாகத் திறக்கப்பட்டது. தொடங்கிய சற்று நேரத்திலேயே மெய்டா ஹில் சுரங்கம் வருகிறது. 249 மீட்டர் நீளம், உள்ளே கரைப்பாதை கிடையாது. அந்த நாளில் குதிரையை மேலே வீதியால் நடத்திக்கொண்டு போக, படகோட்டிகள் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்களாம். சைக்கிள்காரருக்கும் குதிரையின் வழிதான்: மேலே ஏறி, எட்ஜ்வேர் வீதியைக் கடந்து, மறுபடி இறங்கவேண்டும்.

அங்கிருந்து கம்டன் வரைக்கும் அழகான வழி. மக்கிள்ஸ்பீல்ட் பாலத்தின் இரும்புத் தூண்களைக் காட்டுவதற்காக நண்பரை இறக்கி நிறுத்தினேன். 1874 ஒக்டோபரில் வெடிமருந்து ஏற்றிய படகு ஒன்று இதன் கீழே வெடித்துப் பாலம் தகர்ந்தது. மறுபடி கட்டியபோது தப்பிய தூண்களைத் திருப்பி நட்டார்கள். அதனால் குதிரைக் கயிறு அறுத்த தடங்கள் தூணின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சணல் கயிறு இரும்பை இப்படி அரிக்குமா என்று நண்பர் நம்பாமல் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் உள்ளே உட்கார்ந்தது. இந்தப் பகுதியில் பாதையின் அடியில் 400 கிலோவோல்ட் மின்வடங்களும் புதைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் குளிர்விக்கக் கால்வாய்த் தண்ணீரையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் கம்டனை நெருங்கியதும் சைக்கிளில் ஏறியிருந்த நேரத்தைவிட இறங்கி நின்ற நேரம் அதிகமாகிவிட்டது. வேலைக்குப் போகும் வழியாக அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நண்பரும் இப்போது பாடிங்டனுக்கு அப்பால் வீதியாலேயே போகிறார்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பவர்களுக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலை வேளைக்கு ஐந்தும் கொடுப்பேன், கோடைகால மாலைக்கு, கரையெல்லாம் போத்தலும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களைக் கணக்கிட்டு, மூன்றரை, குளிர்கால மாலைக்கு ஒன்று, அதுவும் அந்த நாரைக்காக. ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டைப் பின்தள்ளிய மறுநாள் நான் சுரங்க ரயிலுக்கு மாறிவிடுவேன். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, முன்விளக்கைக் கழற்றி லாச்சிக்குள் வைத்து, மார்ச் கடைசி ஞாயிறை நாட்காட்டியில் வட்டமிட்டுவிடுவேன். சென்ற மார்ச்சில் முதல் நாள் இறங்கியபோது பார்க் ரோயல் முதியவர் தம் இடத்தில் இருந்தார். நான் மணி அடிப்பதற்குள் கோலைக் கழற்றிவிட்டார்; நானும் இறங்கிவிட்டேன். இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றோம்.